கட்டிலுக்கு அடியில் இருந்த சீசா

ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிவிட்டால் சங்கரன்கோவில் தையல்காரர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஆடியிலும் அப்படித்தான். தெற்கு ரத வீதியில் சண்முகையாவின் கடையில் ரவிக்கைத் துணிகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் சண்முகையா மிஷினை மிதிக்கவில்லை. எதிர்வீட்டுச் சேவல் காணாமல் போன விவகாரத்தில் தாம் கண்டுபிடித்த ஏழு தடயங்களை விளக்கிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சங்கரநயினார். ரயில்வேயில் முப்பது வருஷம் தண்டவாள இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்காவது வண்டி தடம் புரண்டால் மற்றவர்கள் யார் மேல் பழி போடலாம் என்று தேடுவார்கள். இவர் குனிந்து தண்டவாளத்தின் மட்டத்தைப் பார்ப்பார். அப்படிப் பார்த்து மூன்று பேருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தக் காலத்துப் பழக்கம் விடாமல் இன்னும் சட்டைப் பையில் மட்டம் பார்க்கும் ஒரு சின்ன ரசமட்டத்தை வைத்திருந்தார்.

"ஏழாவது தடயம்தான் அண்ணாச்சி முக்கியம்" என்றார் சண்முகையா. "சேவலுக்குச் சொந்தக்காரன் வாயில கறி மசால் வாடை."

"அப்போ களவு போவல. கொழம்பாப் போயிருக்கு" என்றார் சங்கரநயினார்.

அப்போதுதான் வெள்ளை உடுப்பும் தலையில் வெள்ளைத் துணியுமாக ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். இருபத்து மூன்று வயதிருக்கும். துவாலையில் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடிச் சீசாவை இரண்டு கைகளாலும் சாயாமல் பிடித்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"ரயில்வே இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி நீங்கதானா? நான் ஷம்சாத் பேகம். டாக்டர் காந்திமதிநாதன் நர்சிங் ஹோமுல நர்ஸா இருக்கேன். சாயங்காலம் நாலு மணி வண்டியில என்னை வீட்டுக்கு அனுப்புதாக. அதுக்குள்ள நான் தப்பு செய்யலன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

சண்முகையா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சேவலை அந்தக் கணமே மறந்துவிட்டார்.

"உக்காரும்மா. மொதல்லேருந்து சொல்லு" என்றார் சங்கரநயினார்.

"மருதப்பன்னு ஒருத்தர், குருவிகுளத்துக்குப் பக்கத்து ஊரு. நிமோனியா வந்து நெஞ்சுக்கூட்டுக்குள்ள சீழ் கட்டிட்டு. நுரையீரல் ஒரு பக்கம் அமுங்கிப் போச்சு. டாக்டர் விலாவுக்கு நடுவுல ஒரு ரப்பர் குழாய் போட்டாக. அதோட மறுமுனை இந்தச் சீசாத் தண்ணிக்குள்ள முங்கி இருக்கும். உள்ள இருக்க சீழும் காத்தும் வெளிய வந்துரும். வெளிக்காத்து உள்ள போவாம தண்ணி தடுத்துரும். அவர் மூச்சு விட விட இந்தக் கண்ணாடிக் குழாயில தண்ணி ஏறி எறங்கும். அப்படி ஏறி எறங்கினா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அஞ்சு நாளா நல்லாத் தேறிக்கிட்டு வந்தார் அண்ணாச்சி."

"பெறகு?"

"நேத்து வெள்ளிக்கிழமை. பன்னண்டரைக்குச் சீசாவைக் கழுவிக் கொதிச்சு ஆறின தண்ணியை சீசாவுல ஒட்டியிருக்க இந்தப் பிளாஸ்திரிக் கோடு வரைக்கும் ஊத்தினேன். அவருக்கு வலிக்கு ஊசி போட்டு நல்லாத் தூங்கினார். முக்காலுக்கு ஆயா கோமதித்தாயை ஒக்கார வச்சிட்டு, பின்னால துணி வைக்கிற ரூமுல மத்தியான லுஹர் தொழப் போனேன். ஒண்ணு பத்துக்கு இருமல் சத்தம். ஓடி வாரேன், வாசல்ல கெடந்த செருப்பு தடுக்கி விழப் பார்த்தேன். உள்ள அவர் மூச்சுக்குத் தவிக்கார். சீசா இருந்த எடத்துல, கட்டிலுக்கு அடியில தரையிலதான் இருக்கு. ஆனா தண்ணி எறங்கிப் போயிக் குழாய் முனை வெளிய தெரியுது. அது வழியா வெளிக்காத்து உஸ்ஸுன்னு உள்ள போவுது. ஆயாவைக் காணோம்."

"நீ என்ன செஞ்ச?"

"குழாயைக் கிளிப் போட்டு அடைச்சேன். வேற சீசா மாத்தினேன். டாக்டரைக் கூப்பிட்டேன். அவுக ஊசி குத்தி நெஞ்சுக்குள்ள இருந்து ஒன்றரை டம்ளர் தண்ணியா எடுத்தாக. உசுரு நின்னுச்சு. ஆனா மூச்சு பழையபடி ஆவல, ராத்திரியிலேருந்து காய்ச்சல் வேற. நான் தண்ணியைக் கொறைச்சலா ஊத்திட்டேன்னு டாக்டர் நெனைக்காக. தொழப் போற அவசரத்துல அரைகுறையா ஊத்திட்டுப் போனான்னு மருதப்பன் தம்பி ஆறுமுகச்சாமி தெருவே கேக்கச் சத்தம் போட்டார். என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி எங்க வாப்பாவுக்கு டாக்டர் ஆள் அனுப்பிட்டாக."

அவள் சீசாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை. "கடையநல்லூர்ல தறிக்காரன் மவ நர்ஸ் படிக்கப் போனது நான்தான் மொதல்ல. வாப்பா எத்தனையோ பேரோட பேச்சைக் கேட்டுக்கிட்டுத்தான் அனுப்பினாக. இப்ப நான் கெட்ட பேரோட திரும்பினா எனக்குப் பின்னால ஒரு புள்ளையும் வாசப்படி தாண்ட முடியாது. அண்ணாச்சி, சீசா நெஞ்சை விட ஒசரத்துக்குப் போனா தண்ணி திரும்பி உள்ள பாயும். அப்படித்தான் ஆயிருக்கணும். ஆனா நான் பாக்கும்போது அது தரையில இருந்துச்சே! அதை நானே எப்படிச் சொல்ல?"

சங்கரநயினார் சீசாவைப் பார்த்தார். "இது நேத்துள்ள சீசாதானே? உள்ள இருந்ததைக் கீழ ஊத்தலியா?"

"இல்ல. ஒரு சொட்டு கொட்டவும் இல்ல, சேக்கவும் இல்ல. இதைத் தவிர எனக்குச் சாட்சி இல்லன்னு தோணிச்சு."

அந்த ஒரு பதிலிலேயே சங்கரநயினாருக்கு அவள் மேல் மரியாதை வந்துவிட்டது. முப்பது வருஷ உத்தியோகத்தில் விபத்து நடந்த இடத்தைக் கலைக்காமல் வைத்திருந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

கடையின் துணி வெட்டும் மேசையில் ரசமட்டத்தை வைத்து, ஒரு காலுக்கு அடியில் அட்டை கொடுத்து மேசையைச் சமன் செய்தார். அதன் மேல் சீசாவை வைத்துக் கண்ணை அதன் உயரத்துக்குத் தாழ்த்திப் பார்த்தார். சீசாவின் தக்கையில் இரண்டு துளைகள். ஒன்றில் நீளமான கண்ணாடிக் குழாய், மற்றொன்றில் காற்று வெளியேறுவதற்கான கட்டைக் குழாய். பிளாஸ்திரிக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே தண்ணீர் நின்றது.

"சண்முகையா, நீளக் குழாயோட முனை எங்க இருக்கு?"

"தண்ணிக்கு மேல... இல்ல, தண்ணியிலயே... அண்ணாச்சி, ரெண்டும் ஒரே கோட்டுல நிக்குது!"

"ஒரு மயிரிழை கூட வித்தியாசம் இல்ல. இன்னும் கீழ பாரும், அடியில என்ன கெடக்கு?"

சீசாவின் அடியில் செந்நிறமாக மெல்லிய படிவம் இருந்தது.

"ரத்தம்!" என்றார் சண்முகையா. பிறகு யோசித்து, "இல்லேன்னா வெஷம்!" என்றார்.

"ரத்தம் இப்படி மணல் மணலாப் படியாது" என்றாள் ஷம்சாத். "நான் ஊத்தின தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு."

சங்கரநயினார் கட்டைக் குழாயின் வாயைப் பார்த்தார். சுண்டுவிரல் நுழையும் அகலம். அதன் உள்விளிம்பிலும் அதே செம்மண் ஒட்டியிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நர்சிங் ஹோம் என்பது டாக்டரின் பூர்வீக வீடுதான். முன்கட்டில் டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். பக்கத்து அறையில் இரண்டு கட்டில்கள்; ஒன்று காலி, மற்றொன்றில் மருதப்பன் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். நாற்பது வயது ஆட்டுக்காரர், மேட்டிலும் காட்டிலும் அலைந்த உடம்பு, இப்போது நாலடி நடக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. கட்டிலருகே அவர் மனைவி பேச்சித்தாய் இருபத்தைந்து நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷம்சாத்தை அறைக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. அவள் வாசலிலேயே நின்றாள். நின்றவள் திடீரென்று பதறினாள்.

"தண்ணி ஏறி எறங்கலியே! ஆயா, குழாய் மடங்கிக் கெடக்கு!"

உத்தரவு கிடக்கட்டும் என்று உள்ளே பாய்ந்தாள். மருதப்பனின் தோளைத் தாங்கி லேசாகப் புரட்டினாள். முதுகுக்கு அடியில் குழாய் நசுங்கிக் கிடந்தது. அதை எடுத்து நேராக்கி, விரல்களால் நெஞ்சுப் பக்கத்திலிருந்து சீசாப் பக்கம் உருவிவிட்டாள். ஒரு தலையணையை அவர் விலாவோடு அணைத்துக் கொடுத்து, "இதை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு ஒரு தரம் இருமுங்க. வலி கொறையும்" என்றாள். அவர் இருமினார். சீசாவில் குமிழ்கள் வந்தன. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியது.

முன்கட்டிலிருந்து வந்த டாக்டர் காந்திமதிநாதன் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துவிட்டார். நல்ல மனிதர், பயந்த மனிதர். நேற்று ஒரு உயிர் கைவிட்டுப் போக இருந்ததே என்ற பயம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. அவளைத் திட்டவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் தொண்டையைக் கனைத்தார்.

சங்கரநயினார் விஷயத்தைச் சொல்லி, "நேத்து ஊசி குத்தி எடுத்த தண்ணியைக் கொட்டிட்டீங்களா, டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்லை. பாளையங்கோட்டைக்குப் பரிசோதனைக்கு அனுப்பணும்னு வச்சிருக்கேன். லேசா ரத்தம் கலந்த நீர்."

அலமாரியிலிருந்து எடுத்து வந்த கண்ணாடிக் குடுவை ஒரு நாள் அசையாமல் இருந்தது. அடியில் செம்மண் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. சங்கரநயினார் அதன் பக்கத்தில் ஷம்சாத்தின் சீசாவை வைத்தார். இரண்டிலும் ஒரே நிறம்.

டாக்டரின் முகம் வெளுத்தது. "அப்படின்னா இது சீசாவிலிருந்து நெஞ்சுக்குள்ளே போயிருக்கு! மிச்சம் இன்னும் உள்ளே இருக்கும். காய்ச்சல் அதனாலதான்! ஷம்சாத், உப்புத்தண்ணி கொதிக்க வை. உடனே கழுவி எடுக்கணும். பென்சிலின் எடு." சொல்லிவிட்டுத்தான் அவளை வேலையை விட்டு நிறுத்தியது அவருக்கு ஞாபகம் வந்தது. "இப்போதைக்கு வா" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

உள்ளே ஒரு மணி நேரம் வேலை நடந்தது. வெளியே சங்கரநயினார் ஆயாவிடம் பேசினார்.

"நான் பாவி அண்ணாச்சி" என்று கோமதித்தாய் கண்ணைத் துடைத்தாள். "பன்னண்டு அம்பதுக்கெல்லாம் ஒரு பிரசவக் கேஸ் வண்டியில வந்துட்டு. ஒத்தாசைக்குக் கூப்பிட்டாகன்னு முன்னால ஓடிட்டேன். பேச்சித்தாயி கெணத்தடியில புள்ளைத் துணி அலசிக்கிட்டு இருந்தா. ரூமுல ஆரும் இல்ல. ஆனா அந்தச் சீசாவை நான் தொடுவனா? அதைத் தூக்கப்படாதுன்னு நர்ஸம்மா எனக்குத் தெனமும் பாடம் நடத்துதாக. தரையைத் தொடச்சாக்கூட அதைத் தூக்காம சுத்தித்தான் தொடைப்பேன்."

"நேத்து எப்ப தொடச்ச?"

"தண்ணி மாத்தினதும் பினாயில் போட்டுத் தொடச்சேன். ஈரம் காயுமுன்ன வண்டி வந்துட்டு."

அந்த நேரத்தில் தெருவிலிருந்து சரக் சரக்கென்று கனத்த தோல் செருப்புச் சத்தம் வந்தது. உயரமான ஒரு ஆள் செருப்போடு நேரே அறை வாசல் வரை வந்துவிட்டான். மருதப்பனின் தம்பி ஆறுமுகச்சாமி.

"செருப்பைக் கழத்திட்டு வாரும்னு நர்ஸம்மா தெனமும் சொல்லுதாக, ஒரு நாளாச்சும் கேக்காரா பாருங்க" என்று ஆயா முணுமுணுத்தாள்.

"அந்தப் பொம்பளை இன்னும் இங்கன என்ன செய்தா?" என்று அவன் கத்தினான். "எங்கண்ணனைக் கொல்லப் பாத்தவ!"

"நீங்க நேத்து எப்ப வந்தீங்க?" என்று சங்கரநயினார் அமைதியாகக் கேட்டார்.

"ஒன்றரைக்கு. பஸ் ஸ்டாண்டுல காப்பி குடிச்சிட்டு நேரே வந்தேன். அப்பவே அவன் துவண்டு கெடந்தான்."

சண்முகையா அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வாரை ஆரு தச்சது? செவப்பு நூலு, அதுவும் கோணல் தையல். எங்கிட்ட கொண்டாந்தா நல்லாத் தச்சுத் தந்திருப்பேனே" என்றார். ஆறுமுகச்சாமி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தான்.

நெஞ்சைக் கழுவும் வேலை முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் சங்கரநயினார் அறைக்குள் போனார். கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு மாடம். அதில் கோமதியம்மன் படமும் ஒரு கிண்ணமும் இருந்தன. குள்ளமான பேச்சித்தாயின் கைக்கு எட்டாமல், பால் கிண்ணத்தை ஆயாதான் எடுத்துக் கொடுத்தாள்.

"நெத்தியில பூசியிருக்கது புத்துமண்ணா, தாயி?" என்று மருதப்பனைக் காட்டிக் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி, அம்மன் கோயில் புத்துல எடுத்த மண்ணு. போன வாரம் ஊர்க்காரக குடுத்துவிட்டாக. நாந்தான் பூசுதேன். எனக்கு இன்னும் தீட்டு கழியல, கோயிலுக்குப் போவ முடியாது."

சண்முகையா அவர் காதருகே வந்தார். "அண்ணாச்சி! மண்ணு வச்சிருக்கது அவதான். முடிஞ்சுது கேஸு!"

"பொறும். அந்த நாடாவைக் குடும்."

தரையிலிருந்து மருதப்பனின் நெஞ்சு மூன்றடி. மாடத்தின் தட்டு ஐந்தே முக்காலடி. குழாய் நீளம் ஐந்தரை அடி. பிறகு மாடத்தின் தட்டை எட்டிப் பார்த்தார். வெள்ளையடித்த தட்டில் மங்கலாக ஒரு வட்டம். அதன் ஓரமாகச் சில செம்மண் துகள்கள். விரலால் வட்டத்தைத் தொட்டு முகர்ந்தார்.

"இந்த மாடத்தை ஆரு தொடைக்கா?"

"நான்தான், தெனமும் காலையில" என்றாள் ஷம்சாத். "நேத்துக் காலையில இந்த வட்டம் கெடையாது."

மணி இரண்டரை ஆயிற்று. சங்கரநயினார் எல்லோரையும் அந்த அறைக்கே கூப்பிட்டார். டாக்டர், ஆயா, பேச்சித்தாய், வாசல் நிலையில் சாய்ந்தபடி ஆறுமுகச்சாமி. மருதப்பன் கண் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். காலிக் கட்டிலின் மேல் ஒரு வெறும் பேசின். அதே அளவுச் சீசா ஒன்றில் பிளாஸ்திரிக் கோடு வரை ஷம்சாத் நல்ல தண்ணீர் ஊற்றி, ரப்பர் குழாய் மாட்டிக் கொடுத்தாள்.

"தடம் புரண்ட எடத்துல நான் மொதல்ல மட்டத்தைத்தான் பாப்பேன்" என்று சங்கரநயினார் ஆரம்பித்தார். "இந்தப் புள்ள கொறைச்சலா ஊத்தியிருந்தா தண்ணி எங்க வேணும்னாலும் நின்னிருக்கலாம். ஒரு விரக்கடை கீழயோ, மேலயோ. ஆனா இது குழாய் முனையில சரியா வந்து நின்னிருக்கு. மனுசன் கையால இவ்வளவு துல்லியமா ஊத்த முடியாது. சண்முகையா, சீசாவைத் தூக்கி மாடத்துல வையும். குழாய் முனையை வாயில வச்சு, மூச்சு இழுக்க மாதிரி ஒரு இழு இழும்."

சண்முகையா பெரிய மனிதத் தோரணையில் சீசாவை வைத்துவிட்டுக் குழாயை உறிஞ்சினார். வாய் நிறையத் தண்ணீர் வந்து புரையேறி, கண் பிதுங்க, குழாயைப் பேசினில் போட்டார். தண்ணீர் கடகடவென்று பேசினில் பாய்ந்தது. எல்லோரும் சீசாவையே பார்த்தார்கள். கோட்டிலிருந்து இறங்கியது, இறங்கியது, இரண்டு அங்குலம் இறங்கிக் குழாய் முனையைத் தொட்டதும் நின்றுவிட்டது.

"அதே எடம்!" என்றார் டாக்டர்.

"குழாய் குடிக்க முடிஞ்ச மட்டும் குடிச்சிருக்கு. பேசின்ல இருக்கதை அளந்து பாருங்க, நேத்து நீங்க நெஞ்சுலேருந்து எடுத்ததை விடக் கொஞ்சம் கூடவே இருக்கும், அந்த மிச்சந்தான் உள்ள தங்கிப்போச்சு. சீசா மாடத்துக்குப் போயிருக்கு. அங்க இருக்க வட்டத்தை மோந்து பாருங்க, பினாயில். தரை ஈரத்தோட தூக்கி வச்ச அடித்தடம். மண்ணு, கட்டைக் குழாய் வழியா விழுந்திருக்கு. அது புத்துமண்ணு."

பேச்சித்தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நான் இல்ல அண்ணாச்சி, சத்தியமா."

"நீ இல்ல தாயி. ஒனக்கு அந்த மாடம் எட்டாது. ஆயாவுக்குச் சீசாவைத் தூக்கினா என்ன ஆகும்னு தெரியும். ஷம்சாத், நேத்து ஒன்னைத் தடுக்கின செருப்பு எப்படி இருந்துச்சு?"

"பெரிய தோல் செருப்பு. வாரு என் விரல்ல மாட்டிக்கிட்டு. அதுல செவப்பு நூலு..."

"கோணல் தையல்!" என்று சண்முகையா கூவினார்.

அறையில் எல்லோருடைய கண்ணும் ஆறுமுகச்சாமியின் காலுக்குப் போனது.

"ஒன்றரைக்கு வந்தவரோட செருப்பு ஒண்ணு பத்துக்கே வாசல்ல கெடந்திருக்கு" என்றார் சங்கரநயினார். அவர் குரலில் கோபம் இல்லை. "அதை விட எனக்குப் பெருசாப் பட்டது வேற. தெனமும் செருப்போட உள்ள வார மனுசன், நேத்து மட்டும் ஏன் வெளிய கழத்தினார்? கையில கோயில்லேருந்து கொண்டு வந்தது இருந்துச்சு. ஆடி வெள்ளி, உச்சிகாலப் பூசை முடிஞ்சு புத்துமண்ணு வாங்கிட்டு நேரே வந்திருக்கீங்க. இந்த ஊர்ல நோயாளிக்கு அதைத் தண்ணியில கரைச்சுக் குடுப்போம். அண்ணன் தூங்கினதால குடிக்க வைக்க முடியல. சரிதானே தம்பி?"

ஆறுமுகச்சாமி நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தான். முகத்தைத் துண்டில் புதைத்து அழுதான்.

"அவன் மூச்சு அந்தச் சீசாவுக்குள்ளதானே குமிழ் விடுது. அதுல போட்டா நேரே நெஞ்சுக்குப் போயி ஆத்தா சீக்கிரம் சொகமாக்குவான்னு நெனச்சேன். போட்ட பெறகு... அம்மாள் மண்ணு விழுந்த சீசா, அதைக் கால் படுத எடத்துல எப்படி வைக்க? தூக்கி அவ படத்துக்குப் பக்கத்துல வச்சுக் கும்பிட்டுக் கண்ணைத் தொறக்கேன், அண்ணன் கண்ணு மேல சொருகுது. பயந்து போயி இருந்த எடத்துல வச்சிட்டு, செருப்பைக் கூட எடுக்காம ஓடிட்டேன். பெறகு வந்துதான் மாட்டினேன்."

"பழியை என் மேல போட்டீரு" என்றாள் ஷம்சாத். "அது கூடப் போவட்டும். ஒரு வார்த்தை நேத்தே சொல்லியிருந்தா, அந்த மண்ணை அப்பவே கழுவி எடுத்திருப்போம். ஒரு நாள் பூராவும் அது ஒங்க அண்ணன் நெஞ்சுக்குள்ள கெடந்திருக்கு. என்னைப் பத்தி நெனைக்க வேண்டாம், அவரை நெனச்சீரா?"

"சொன்னா அண்ணனைக் கொன்னவன்னு ஆயிரும்னு பயந்துட்டேன் தாயி. நான்தான் பாவி. நீ ஒரு தப்பும் செய்யல." அவன் கைகூப்பினான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் கும்பிட வேண்டியவன்தான். என் அப்பா காலத்து மாடத்தை அடைக்காம விட்டது நான். நோயாளியோட சொந்தக்காரங்களுக்குச் சீசாவைப் பத்தி விளக்கிச் சொல்லாதது நான். விசாரிக்காம உன் பேர்ல பழியைப் போட்டதும் நான். ஷம்சாத், மன்னிச்சிடும்மா. உன்னை அனுப்பிட்டு இந்தக் குழாயை யார் பார்ப்பாங்க?"

அப்போது கட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"ஏலே ஆறுமுகம்."

"அண்ணே..."

மருதப்பன் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். "கோயில்ல... புத்து எங்கனலே இருக்கு?"

"புத்தா? அங்கன... தரையிலதான்."

"பரண்மேல இல்லல்லா? அம்மாளே தரையில இருக்காலே. என் சீசா இருந்தா என்னலே, கோட்டிப்பயலே?"

முதலில் ஆயாதான் சிரித்தாள். பிறகு பேச்சித்தாய், டாக்டர். அழுதுகொண்டிருந்த ஆறுமுகச்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாம் சொன்னது தமக்கே பிடித்துப்போய் மருதப்பனும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டிலுக்கு அடியில் சீசா குபுகுபுவென்று குமிழ் விட்டது. தண்ணீர் குழாயில் ஏறி இறங்கியது.

ஷம்சாத் சட்டென்று தரையில் மண்டியிட்டுச் சீசாவைப் பார்த்தாள். "காத்து வெளிய போவுது டாக்டர்! நுரையீரல் விரியுது! அய்யா, இன்னொரு தரம் சிரிங்க!"

"வலிக்குது தாயி."

"தலகாணியை அணைச்சுக்கிட்டுச் சிரிங்க."

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் வாசலில் ஒருவர் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக ஐம்பது வயதுக்காரர், தோளில் ஒரு தகரப் பெட்டி. மகளின் பெட்டியை அவளுடைய அறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த ஷம்சாத்தின் வாப்பா சுலைமான். எவ்வளவு நேரமாக நின்று எவ்வளவு கேட்டாரோ தெரியாது. உள்ளே வரக் காலெடுத்து வைத்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க" என்று ஆறுமுகச்சாமி எழுந்தான். தன்னுடைய செருப்பை முதலில் கழற்றித் தெருவாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். "இங்கன செருப்போட வரப்படாது. நர்ஸம்மா ஏசுவாக."

சுலைமான் செருப்பைக் கழற்றினார். மகள் தரையில் மண்டியிட்டு ஒரு சீசாவைப் பார்த்துக்கொண்டிருப்பதையும், ஒரு டாக்டரும் ஒரு வீட்டு ஜனமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தறியில் உட்கார்ந்தே பழகியவர். அதிகம் பேசத் தெரியாது.

"நாலு மணி வண்டிக்கு நேரமாச்சும்மா" என்றார்.

ஷம்சாத் நிமிரவில்லை. குழாயில் தண்ணீர் ஏறும் அளவை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்கு நான் சீசாவைப் பாக்கணும் வாப்பா."

சுலைமான் தலையை ஆட்டினார். தகரப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரமாக, யார் காலிலும் இடறாத இடமாகப் பார்த்து வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் தனியாக நடந்து போனார்.